அந்தத் தாளத்துக்கு ஒரு ஊர் உண்டு





புனேயின் வாக்கட் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். காலையில் சொசைட்டி கிளப் ஹவுஸில் ஜும்பா வகுப்பு. அங்கே ஒரு துள்ளல் தாளம். சாயங்காலம் பத்தாவது படிக்கும் மகளின் ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதே தாளம். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சங்கீத் நிகழ்ச்சிக்குப் போனால், அங்கே டிஜே போட்டதும் அதேதான். இந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் இதைக் கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

கடைசி வரிகளில் கொஞ்சம் கவலையும் தெரிந்தது. வயசுப் பெண் இருக்கிற வீட்டில் அந்தக் கவலை இல்லாமல் போகுமா? இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாளத்தின் ஊர் ஜமைக்கா. கரீபியன் கடலில் ஒரு தீவு. மொத்த மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. புனே நகரத்தில் மட்டுமே அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள்.

நமக்கு அந்தத் தீவு கிரிக்கெட் வழியாகத் தெரியும். மைக்கேல் ஹோல்டிங், கோர்ட்னி வால்ஷ், கிறிஸ் கெயில். டீ ஷர்ட்டில் அச்சடித்த பாப் மார்லியின் முகமும் தெரியும். மார்லி பாடியது ரெகே. 1960களின் கடைசியில் பிறந்த, ஆற அமர நடக்கிற இசை. அந்த ரெகேயின் வாரிசுதான் டான்ஸ்ஹால். 1970களின் முடிவில் தலைகாட்டி, 80களில் கம்ப்யூட்டர் தாளமும் கீபோர்டும் வந்ததும் வேகம் பிடித்தது. இதில் பாடுகிறவர் பாட்டோடு நிறுத்துவதில்லை. தாளத்தின் மேல் ஏறி நின்று படபடவென்று பேசுவார். அப்படிப் பேசுபவரைத்தான் ஜமைக்காவில் டிஜே என்கிறார்கள். ரெக்கார்டு போடுபவருக்கு செலக்டர் என்று பெயர்.

உங்கள் பிள்ளைகளின் ப்ளேலிஸ்டைக் கொஞ்சம் பாருங்கள். ஜஸ்டின் பீபரின் 'சாரி', ரிஹானாவின் 'வொர்க்', டிரேக்கின் 'ஒன் டான்ஸ்' இதில் ஏதாவது ஒன்று இருக்கும். 2015, 2016இல் உலகத்தையே ஆட வைத்த பாட்டுகள். மூன்றின் அடியிலும் ஓடுவது ஜமைக்காவின் ரத்தம்.

புனேவாசிகளுக்கு இந்த இசை பத்துப் பதினைந்து வருஷமாகவே பழக்கம். 2010 டிசம்பரில் கோரேகாவ் பார்க்கில் 'என்எச்7 வீக்கெண்டர்' இசை விழா ஆரம்பித்தபோது, லண்டனிலிருந்து வந்த ஏசியன் டப் ஃபவுண்டேஷன் குழு முதல் வருஷமே மேடை ஏறியது. தெற்காசியப் பிள்ளைகள் ரெகேயின் உறவான டப் இசையை எடுத்துக்கொண்டு உருவாக்கிய குழு அது. விழா வளர்ந்தபோது டப், ரெகே வகைகளுக்கென்றே அங்கே ஒரு மேடை இருந்தது. டெல்லியின் 'ரெகே ராஜாஸ்', 'ஸ்கா வெஞ்சர்ஸ்' போன்ற குழுக்களால் நம் நாட்டு இளைஞர்களிடம் இந்த இசை பரவியது. புனேயில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் புல்வெளியில் நின்று ஆடியிருப்பார்கள். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்!

ஆனால் ஒன்று. புனேயில் டிக்கெட் வாங்கிக் கையில் பட்டை கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கேட்ட இசை, பிறந்த இடத்தில் டிக்கெட் வாங்கக் காசில்லாதவர்களின் இசை.

ஜமைக்காவில் 1950களின் கிங்ஸ்டன் நகரத்தை நினைத்துப் பாருங்கள். ஏழைக் குடியிருப்புகளில் ரேடியோ வாங்க வசதி கிடையாது. ஊர்ப் பணக்காரர்கள் ஹோட்டலில் இசைக்குழு வைத்து ஆடுவார்கள். ஏழைகளுக்கு? ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர்களை அடுக்கி, ஆம்ப்ளிஃபயர் வைத்து, தெருவிலும் திறந்த முற்றத்திலும் ரெக்கார்டு போட்டார்கள். சவுண்ட் சிஸ்டம் என்று அதற்குப் பெயர். டியூக் ரீட், காக்ஸன் டாட் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இதை நடத்தினார்கள். எவருடைய ஸ்பீக்கர் அதிகம் அதிர்கிறதோ அவருக்குக் கூட்டம். நம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் இரண்டு மைக் செட்காரர்கள் எதிரெதிரே குழாய் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்தத் தெரு ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு நாம் பேசும் இசை. மேட்டுக்குடிக்காரர்கள் அதை மதிக்கவே இல்லை. சேரிப் பாட்டு, ரவுடிப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். ரெகேயை மட்டுமே போடும் ஐரி எஃப்எம் வானொலி அந்த நாட்டில் தொடங்கியது 1990இல்தான். பாப் மார்லி இறந்து ஒன்பது வருஷம் கழித்து! 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலத்தின் கலாச்சாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. வெளியூர்க்காரன் கொண்டாடிய பிறகுதான் சொந்த ஊரில் மரியாதை. இந்தக் கதையை நாம் வேறு எங்கோ கேட்ட மாதிரி இல்லை?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரிடிம் என்ற ஏற்பாடு. ஒருவர் ஒரு தாளக்கட்டை உருவாக்குவார். அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். அப்புறம் அதே தாளக்கட்டின் மேல் பத்துப் பேர், இருபது பேர், ஆளுக்கு ஒரு பாட்டு எழுதிப் பாடுவார்கள். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலையில் 'வர்ணமெட்டு' என்று போட்டு, எந்தப் பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்று குறித்திருப்பார்கள். கிட்டத்தட்ட அதே வழக்கம்.

அப்படிப்பட்ட ரிடிம்களில் மிகப் பிரபலமான ஒன்றின் பெயர் 'திவாலி'. ஆமாம், நம் தீபாவளிதான். ஸ்டீவன் மார்ஸ்டன், ஜமைக்காவில் லெங்கி என்று கூப்பிடுவார்கள், அவர் உருவாக்கியது. கைதட்டல்தான் அதன் உயிர். அதன் மேல் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ரிடிமில் வேய்ன் வொண்டர் பாடியதும், லுமிடீ என்ற இளம்பெண் பாடியதும் அதே ஆண்டு ஹிட். ஒரே தாளம், மூன்று வெற்றி. அந்த வருஷம் கல்லூரியில் இருந்தவர்கள் கல்ச்சுரல்ஸ் மேடையில் இதற்கு ஆடியிருப்பீர்கள். அது தீபாவளித் தாளம் என்று உங்களுக்குத் தெரியுமா?

இன்னொரு ரிடிமின் கதை நம் வீட்டு ஹாலுக்கே வருகிறது. பிள்ளைக்கு காசியோ கீபோர்டு வாங்கிக் கொடுத்த வீடுகள் எத்தனை! பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடுமே, அதைக் கேட்டுக் குழந்தைகள் குதித்திருப்பார்கள். 1981இல் வந்த காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் 'ராக்' என்று ஒரு தாளம் இருந்தது. அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வு எழுதிவிட்டு காசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தத் தாளத்தை 1985இல் ஜமைக்காவில் வேய்ன் ஸ்மித் எடுத்துப் பாட, கிங் ஜாமி தயாரித்தார். 'ஸ்லெங் டெங்' என்று பெயர். டான்ஸ்ஹாலைக் கம்ப்யூட்டர் யுகத்துக்கு இழுத்து வந்த பாட்டு அதுதான் என்று இசை உலகம் சொல்கிறது. ரெகேயை நேசித்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் விரலிலிருந்து போன அந்தத் தாளம், ரெகேயின் நாட்டு இசையையே மாற்றிவிட்டது.

சரி, இதில் நமக்கு என்ன உறவு?

1845 மே 10. 'மெய்ட்ஸ்டோன்' என்ற கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் கரையில் நின்றது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றி வந்த முதல் கப்பல். 1917 வரை சுமார் முப்பத்தாறாயிரம் பேர் அப்படிப் போனார்கள். வட இந்தியர்கள்தான் பெரும்பாலும். மே 10 இன்றும் அங்கே இந்திய மரபு நாள். அவர்கள் கொண்டுபோன ஆட்டுக்கறிக் குழம்பு ஜமைக்காவின் விருந்துச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. தெரு ஆட்டம் நடக்கும் இடத்தில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி கொதிக்கும்.

அந்த வம்சத்து ரத்தம் கலந்தவர்தான் சூப்பர் கேட் என்ற புகழ்பெற்ற டான்ஸ்ஹால் பாடகர். நிஜப் பெயர் வில்லியம் மராக். பட்டப்பெயர் 'வைல்டு அபாச்சி'. அவர்மேல் உள்ள பிரியத்தில் பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதிப் பஞ்சாபிப் பையன் ஸ்டீவன் கபூர் தனக்கு 'அபாச்சி இந்தியன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். ஜமைக்கா, பஞ்சாப் இரண்டு ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த பகுதி அது. 1993இல் அவருடைய 'அரேஞ்ச்டு மேரேஜ்' பிரிட்டிஷ் பட்டியலில் ஏறியது. பெண் பார்ப்பதைப் பற்றி டான்ஸ்ஹாலில் ஒரு பாட்டு! நம் வீட்டுப் பேச்சு கிங்ஸ்டன் தாளத்தில்.

அவரைத் தமிழுக்கு அழைத்து வந்தவர் ஏ.ஆர். ரஹ்மான். 1996இல் பி. வாசு இயக்கிய 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் 'நோ ப்ராப்ளம்' பாட்டு. பிரபுதேவா படம். அந்தக் கேசட் நம் பஸ்களில், டீக்கடைகளில் ஓடாத நாள் உண்டா? டான்ஸ்ஹால் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ஆடிவிட்டுப் போய்விட்டோம்.

அதற்கும் முன்னால் போனி எம் என்ற குழு. 1978இல் வந்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டை அப்பா தலைமுறை டேப் ரிக்கார்டரில் தேயத் தேயக் கேட்டது. அது 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடிய ரெகே பாட்டு. வரிகள் பைபிளின் 137ஆம் சங்கீதத்திலிருந்து. நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்த வரிகள் மனப்பாடம்.

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தை இங்கே விட்டுவிட முடியாது. இலங்கைத் தமிழ்ப் பெண். லண்டனில் அகதியாக வளர்ந்து, டான்ஸ்ஹாலைத் தன் பாஷை ஆக்கிக்கொண்டவர். 2007இல் வந்த 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளம் பதிவு செய்தார். அதே ஆல்பத்தின் 'பாய்ஸ்' பாட்டுக்கு ஜமைக்கா போய், அந்த ஊர் ஆட்டக்காரர்களை வைத்து வீடியோ எடுத்தார். உறுமியும் டான்ஸ்ஹாலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எவ்வளவு பொருந்திப் போகிறது என்பதைக் கேட்டால்தான் தெரியும். 'கலா' அவருடைய அம்மாவின் பெயர்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்த மண் ஆட்டங்கள் புனேக்கு மாறின அல்லவா? ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' போனது. கஹுஞ்ஜே மைதானம் மஞ்சளாக நிறைந்தது. அன்றைக்கு மஞ்சள் சட்டையில் ஆடிய டுவைன் பிராவோவின் 'சாம்பியன்' பாட்டுக்கு நம் வாண்டுகள் ஆடாத வீடு இல்லை. அவர் திரினிடாட்காரர். தீவு வேறு, துள்ளல் அதே கரீபியன் துள்ளல்.

இனி ஜும்பா. அந்த வகுப்பின் அடிப்படைத் தாளங்கள் நான்கு. அதில் ஒன்று ரெகேட்டோன். பனாமா கால்வாய் வேலைக்குப் போன ஜமைக்கா தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் டான்ஸ்ஹாலை ஸ்பானிஷில் பாடினார்கள். அது நியூயார்க் போய், போர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்து ரெகேட்டோன் ஆனது. 2017இல் 'டெஸ்பசீட்டோ' வழியாக உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் நுழைந்தது. நம் அக்காமார்கள் காலையில் இடுப்புச் சதை குறைய ஆடும் தாளம், கால்வாய் வெட்டிய கூலிக்காரர்களின் வழியில் வந்தது.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இசை ஊர் ஊராகப் போகப் போக, அதை உண்டாக்கியவர்களின் பெயர் உதிர்ந்துகொண்டே போகிறது. எனக்கு அதில்தான் வருத்தம்.

சிஸ்டர் நான்சியின் கதையைக் கேளுங்கள். ஆண்கள் மட்டுமே மைக் பிடித்த காலத்தில் துணிந்து மைக் பிடித்த பெண். 1982இல் 'பாம் பாம்' பாடினார். பிற்பாடு அமெரிக்காவில் நியூஜெர்சிக்குக் குடிபோய், ஒரு வங்கியில் கணக்கு வேலை பார்த்தார். அவர் பாட்டோ சினிமாவில், மற்றவர்களின் பாட்டுக்குள்ளே, எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் காசு வரவில்லை. 2014இல் டிவியில் ஒரு ஷூ விளம்பரம். அதில் தன் குரல்! அதற்கு மேல் பொறுக்கவில்லை. வக்கீலைப் பிடித்தார். பாட்டின் உரிமையில் பாதி அவருக்குக் கிடைத்தது. முப்பத்திரண்டு வருஷம்! வங்கி வேலைக்குப் போய்வந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் டிவி போட்டால் நம் குரலே நமக்குச் சொந்தமில்லாமல் ஒலிக்கிறது என்றால் எப்படி இருக்கும்? வேலைக்குப் போகும் பெண்கள் இந்தக் கதையை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையர் 1989இல் உருவாக்கிய ஒரு தாளம்தான் ரெகேட்டோன் மொத்தத்துக்கும் அடித்தளம் என்று 2021இல் அமெரிக்காவில் வழக்கு தொடுக்கப்பட்டது. ஸ்டீலி உயிரோடு இல்லை. கிளீவியும் ஸ்டீலியின் வாரிசும் வழக்காடுகிறார்கள். பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். தாளத்துக்கு ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா என்பது கஷ்டமான சட்டக் கேள்வி. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தத் தாளத்தை உருவாக்கியவர்கள் இவர்கள் இருவர் என்று ஒரு பேச்சுக்குக்கூட இத்தனை காலம் யாரும் சொல்லவில்லையே, அது நியாயமா?

நம் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. கானா பாட்டை வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கினோம். தேவா சினிமாவில் போட்டதும் ரசித்தோம். பறையைத் தீட்டு என்றோம். இப்போது பள்ளி ஆண்டுவிழாவில் நம் பிள்ளைகளே அடிக்கிறார்கள், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறோம். 2018இல் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடை ஏறி, இந்தப் பாட்டு யாருடையது என்று உரக்கச் சொன்னது. சொன்னபோது சிலருக்குச் சங்கடமாக இருந்தது. தாளம் வேண்டும், தாளத்துக்காரர் வேண்டாம் என்றால் எப்படி?

அடுத்து, பிள்ளைகள் கேட்கலாமா என்ற கேள்வி.

மூடி மறைக்காமல் சொல்கிறேன். டான்ஸ்ஹாலில் கொச்சையான பாட்டுகள் நிறைய உண்டு. துப்பாக்கிப் பெருமை பேசும் பாட்டுகள் உண்டு. தன்பாலினத்தவரைக் கொல்லத் தூண்டும் வரிகளும் இருந்தன. டான்ஸ்ஹால் பாடகர் புஜு பான்டனின் 1992 பாட்டு ஒன்று அதற்காகவே உலகம் முழுக்கக் கண்டிக்கப்பட்டது. 2019இல் அவரே அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கினார். தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக வரிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆனால் அதற்காக ஸ்பீக்கரைப் பிடுங்கி வைப்பதா? பிடுங்கினால் ஹெட்ஃபோன் வரும். ஹெட்ஃபோனில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை. நம் சினிமாப் பாட்டில் இல்லாத கொச்சையா? அதற்கு எத்தனை முறை டிவியை அணைத்திருக்கிறோம்?

பக்கத்தில் உட்காருங்கள். இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். ஜமைக்காவின் பேச்சு ஆங்கிலம் நமக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பாதிதான் புரியும். அவர்களும் தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அர்த்தம் தெரிந்ததும் சில பாட்டுகளை அவர்களே தள்ளிவிடுவார்கள். மற்ற பாட்டுகளை நீங்களும் சேர்ந்து கேட்பீர்கள். வயதுக்குப் பொருந்தாத பாட்டு என்று தோன்றினால், ஏன் என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிற வயதுதான் பதினைந்து.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு மட்டும் மாநில அரசு கொஞ்சம் தளர்த்தலாம். தெரு ஸ்பீக்கரில் இசை பிறந்த ஜமைக்காவிலேயே 1997 முதல் இரவுச் சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது. பக்கத்து ஃப்ளாட்டில் கைக்குழந்தை இருக்கலாம், ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குபவர் இருக்கலாம். பிள்ளைகளுக்கு இதைப் பாட்டோடு சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து, பிள்ளைக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைப் பார்க்கலாம். பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயருக்குரியவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடச் சொல்லுங்கள். 'கெட் பிஸி'யில் ஆரம்பித்தால் ஸ்டீவன் மார்ஸ்டனைச் சந்திப்பீர்கள். அப்புறம் ஒரு கானாப் பாட்டுக்கும் இதையே செய்யுங்கள். பல பாட்டுகளுக்குப் பெயரே இருக்காது. அப்போது தாத்தாவையோ பாட்டியையோ கேளுங்கள், தெரிந்திருக்கலாம்.

அப்படி உங்கள் வீட்டில் கிடைத்த பெயர்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பாட்டின் பெயர், அதை உண்டாக்கியவரின் பெயர், ஊர் மூன்றும் இருந்தால் போதும். வாசகர் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்